கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சிக்கு வருடம் முழுக்கச் சைக்கிளில் போகலாமா? மாரிக்கு என்ன செய்வது?

புதிதாக வந்த ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம் கிடைத்து வட்டக்கச்சிப் பக்கம் ஒரு பாடசாலைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கிளிநொச்சி ரவுணில் அறை எடுத்து இருக்கிறேன். இதுவரை பஸ்ஸில் போகிறேன், பஸ்ஸை விட்டால் ஓட்டோ. காலை 7.30க்கு மணி அடிக்க முன் உள்ளே நிற்க வேண்டும். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற ஒவ்வொரு நாளும் நெஞ்சு படபடக்கிறது, ஓட்டோவுக்குக் கொடுத்த காசைப் போன மாதம் கூட்டிப் பார்த்தேன், அறை வாடகைக்குக் கிட்ட வந்துவிட்டது. ஒரு வழிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர்தான், அதனால் சைக்கிளில் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

ஊரில் உயர்தரம் முடியும்வரை சைக்கிளில்தான் படிக்கப் போனேன், உழக்குவது எனக்குப் புதிது இல்லை. ஆனால் அங்கே ஒழுங்கை, வேலி, இரண்டு பக்கமும் வீடு. இங்கே வயல்வெளி, வாய்க்கால், ஆறு. வீட்டுக்கார அம்மா, கார்த்திகை பிறந்தால் ஆற்றைக் கடக்கவே முடியாது, பேசாமல் ஸ்கூட்டி வாங்கு பிள்ளை என்கிறார். ஸ்கூட்டி வாங்கக் கையில் காசு இல்லை, கடன்படவும் விருப்பம் இல்லை.

இந்தப் பக்கம் வருடம் முழுக்கச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பாதை? மழைக்கு என்ன ஏற்பாடு? வீட்டில் என் பழைய லுமாலா லேடீஸ் சைக்கிள் நிற்கிறது, அதைக் கொண்டு வரவா, கியர் சைக்கிள் ஒன்று பார்க்கவா? சேலை வேறு கட்ட வேண்டும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பன்னங்கண்டி ஆற்றங்கரை

ரீச்சர், வீட்டுக்கார அம்மா சொன்னது பாதி சரி. கடக்க முடியாத நாட்கள் இருக்கின்றன. ஆனால் அவை நாட்கள்தான், மாதக்கணக்கு இல்லை. நான் பிறந்ததே இந்த ஆற்றுக்குப் பக்கத்தில், வயலுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் இன்றைக்கும் சைக்கிள்தான்.

முதலில் ஆற்றைச் சொல்கிறேன், அது விளங்கினால் மிச்சம் விளங்கும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் சேமமடுவில் தொடங்கி வடக்கே வந்து இரணைமடுக் குளத்தில் சேருகிறது. குளத்துக்குக் கீழே அதே ஆறு எங்கள் பக்கத்தால் ஓடி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கங்களைத் தொட்டுக்கொண்டு சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. ரவுணிலிருந்து வட்டக்கச்சிக்கு எப்படிப் போனாலும் அந்த ஆற்றை எங்கேயோ ஓரிடத்தில் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆவணி மாதம் வந்து பார்த்தால் இதுவா ஆறு என்று கேட்பீர்கள், நடுவில் மாடு மேய்ந்துகொண்டு நிற்கும்.

ரவுணில் இருப்பவர்கள் பிழை விடுகிற இடம் என்னவென்றால், தலைக்கு மேலே மழை இல்லை என்றால் ஆற்றிலும் பயம் இல்லை என்று நினைப்பார்கள். இங்கே வெயில் எறிக்கும், இரவிரவாக மாங்குளம் வவுனியாப் பக்கம் கொட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் எல்லாம் குளத்துக்கு வந்து, குளம் கொள்ளாமல் வான்கதவைத் திறந்தால் எங்கள் வீதிக்கு மேலே நிற்கும். ஆகவே வானத்தைப் பார்க்காதீர்கள், குளத்தைப் பாருங்கள். இரணைமடு 36 அடிக் குளம். மாரியில் தேத்தண்ணீர்க் கடைக்குப் போனாலே இன்றைக்கு எத்தனை அடி என்றுதான் கதை தொடங்கும். நீங்களும் கேட்கப் பழகுங்கள். என்னுடைய கணக்கு இது: 30 அடிக்குக் கீழே யோசிக்காமல் போவேன். 34 தாண்டிவிட்டது, மழையும் விடவில்லை என்றால் அன்றைக்கு ஆற்றைக் கடந்து தூர வேலை வைத்துக்கொள்ள மாட்டேன். வான்கதவு திறக்க முன் அறிவித்தல் வரும், ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். சந்தேகம் என்றால் 117க்கு அடியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

2018 மார்கழி வெள்ளத்தை ஒருநாளும் மறக்க மாட்டேன். இரவு படுக்கும்போது முற்றம் ஈரம் மட்டும்தான். விடிய எழும்பினால் வீதி எது, வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மண்ணிறம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து அண்ணை வீட்டு மேட்டுக்குப் போனேன். வழியில் ஒரு மதகடியில் கால் அப்படியே கீழே போய்விட்டது. மேலே தார் இருந்தது, கீழே மண்ணை ஆறு கொண்டு போய்விட்டது. அதனால் ஒன்றை மட்டும் கட்டாயமாகக் கேளுங்கள்: வீதிக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது என்றால், முழங்காலுக்குக் கீழேதான் என்றாலும் இறங்க வேண்டாம். உழவு இயந்திரம் போகிறதே என்று பின்னால் போக வேண்டாம். தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு, ஓடுகிற தண்ணீர் வேறு.

அப்படி மாட்டுப்படுகிற நாளுக்கு இப்போதே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கரையில், பாடசாலைக்குக் கிட்ட, தெரிந்த வீடு ஒன்று பிடித்து வையுங்கள். கூடப் படிப்பிக்கிற ரீச்சர் யாராவது போதும். காலையில் கடந்து போய், பின்நேரம் ஆறு ஏறிவிட்டால் இரவு தங்க ஒரு பாய் வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் மற்றக் கரையில் அப்படி ஒரு வீடு இருக்கிறது.

ஒட்டுக்கடை

சைக்கிள் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். 17 வருடமாகத் திருத்துகிறேன்.

பழைய லேடீஸ் சைக்கிளையே கொண்டு வாருங்கள் ரீச்சர். புதிதாகக் காசு போட வேண்டாம். எங்கள் இடம் சமதரை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதற்காகக் கியர் தேவை இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் சனம் வரிசையில் கிடந்தபோது ஆளுக்கொரு சைக்கிள் தேடினார்கள், விலை ஏறின ஏற்றத்தில் கியர் சைக்கிள் என்று வாங்கிப்போன கனபேர் ஆறு மாதத்தில் என்னிடம் கொண்டு வந்தார்கள். கியர் கம்பிக்குள் சேறு போய் இறுகி ஒரே கியரில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கியர் சைக்கிள் நல்லதுதான், ஆனால் மாரியில் அதைத் துடைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

கொண்டு வந்தவுடன் செய்ய வேண்டியது: இரண்டு சில்லின் ஹப், பெடல் சுற்றுகிற அச்சு, ஹான்டில் கழுத்து, எல்லாம் கழற்றிப் புதுக் கிறீஸ் போடுங்கள். ஆற்றுத் தண்ணீரில் ஹப் மூழ்கிவிட்டால் அன்றைக்கே கொண்டு வாருங்கள், கிழமைக்குப் பிறகு கொண்டு வந்தால் உள்ளே குண்டு துருப்பிடித்துக் கரகரவென்று சத்தம் வரும், பிறகு குண்டு உருளுகிற கோனும் தேய்ந்து போய்விடும். செயினுக்குக் கராஜில் ஊற்றுகிற கழிவு ஒயில் வேண்டாம். இலவசம் என்று எல்லோரும் பூசுகிறார்கள், அதில் கிரவல் தூசு ஒட்டி அரைத்துவிடும். தையல் மெசின் ஒயில் இரண்டு சொட்டு, பிறகு துணியால் துடைத்துவிடுவது, அவ்வளவுதான்.

பிறேக் கட்டை புதிதாகப் போடுங்கள். மழையில் நனைந்த ரிம்மில் பிறேக் உடனே பிடிக்காது. ஆகவே மதகுக்கும் வளைவுக்கும் முன்னாலேயே மெதுவாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைக் காயவைத்துக்கொண்டு போக வேண்டும். இதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கை கால் உரஞ்சின பிறகுதான் படிக்கிறார்கள்.

ரயர் நல்ல தடிப்பானதாகப் பாருங்கள். வேலி வெட்டுகிற காலத்தில் விடத்தல் முள்ளும் உடை முள்ளும் வீதியில் கிடக்கும், மாரி முடிய நெருஞ்சி. ஒட்டுப் போடுகிற சாமானும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு ஒட்டினால் சரி என்று நினைக்காதீர்கள், ரயருக்கு உட்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், முறிந்த நுனி உள்ளே நிற்கும். ஒருவர் ஒரே நாளில் மூன்று தரம் காற்றுப் போய் என்னிடம் வந்தார், மூன்றும் ஒரே முள்.

மாங்குளத்து அக்கா

தங்கச்சி, நான் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, 20 வருடத்துக்கு மேல் வன்னி முழுக்கச் சைக்கிளில் திரிந்தவள். ஒட்டுக்கடைத் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்றம் இல்லை, கியர் தேவை இல்லை என்கிறார். எங்கள் ஏற்றம் காற்று. சோளகம் எழும்பினால் வெறும் தார் வீதியில் மலை ஏறுகிற மாதிரி இருக்கும். குறைந்தது பின் பல்லுச் சில்லைப் பெரிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அது சின்னச் செலவு, முழங்கால் தப்பும்.

உங்கள் பாதைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் நீங்கள் கிழக்கே போகிறீர்கள், மதியம் மேற்கே திரும்புகிறீர்கள். வாடை வீசுகிற மார்கழி தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலையில் முகத்துக்கு, திரும்பும்போது முதுகுக்கு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், அது தென்மேற்கு. காலையில் போவது சுகம், மதியம் 1.30க்கு விட்டபிறகு வெயிலும் காற்றும் சேர்ந்து இடது கன்னத்தில் அறையும். இரண்டு பருவத்திலும் எதிர்க்காற்று உங்கள் இடப்பக்கத்தால்தான் வருகிறது, ஆகவே பாரமான பையைக் ஹான்டிலில் தொங்கவிடாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடும். கரியரில் இறுக்கிக் கட்டுங்கள். சோளக மாதங்களில் வீட்டுக்கு ஓடவேண்டும் என்று அவசரப்படாமல், பாடசாலையில் கொப்பி திருத்திவிட்டு நாலு மணிக்குப் பிறகு வெளிக்கிட்டால் வெயிலாவது தணிந்திருக்கும்.

சேலைக்கு இரண்டு வழி. ஒன்று, செயினுக்கு முழு மூடியும் பின் சில்லுக்கு வலையும் பூட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போவது. நான் கனகாலம் அப்படித்தான் ஓடினேன், ஒரு தரம் செயினுக்குள் கரை மாட்டி வாய்க்கால் கட்டில் விழுந்தேன். மற்ற வழி, சுரிதாரில் போய்ப் பாடசாலையில் கட்டுவது. 20 நிமிடம் முந்திப் போக வேண்டும், ஆனால் நிம்மதி. மாரியில் சேலையை இரண்டு சொப்பிங் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டுங்கள், ஒரு பை போதாது. மாற்று உடுப்பு ஒரு சோடி பாடசாலை அலுமாரியில் எப்போதும் கிடக்கட்டும்.

தை மாசியில் மழை விட்டுவிடும், பனி வரும். மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. விடியற்காலையில் பத்து யார் தூரத்தில் நிற்கிற மாடு தெரியாது. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு வெளிச்சம் கட்டாயம். அதே நேரம்தான் காலபோக அறுவடை, வீதியில் பாதியை மறித்து நெல் காயப்போடுவார்கள், வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல்லும் தடியும் வைப்பார்கள். நெல்லில் ஏற்றாதீர்கள், வருடம் முழுக்க உழைத்த உழைப்பு அது. ஆனால் எடுத்த பிறகு மறந்து விட்ட கல் இருட்டில் கிடக்கும், அதுதான் ஆபத்து. பங்குனி சித்திரையில் இரண்டு போத்தல் தண்ணீர். சித்திரையில் பின்நேரம் இடி மின்னலோடு மழை வரும், அப்போது வயல் நடுவே தனியாக நிற்கிற பனைக்குக் கீழே ஒதுங்காமல் வீடோ கடையோ பார்த்து ஏறுங்கள்.

சைக்கிளில் போகிறாளே, பாவம் என்று யாரும் சொன்னால் கவலைப்படாதீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால் காண முடியாது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின காலம். ரியூப் தட்டுப்பாட்டில் ஒட்டுக்கு மேலே ஒட்டு, வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ செய்தி கேட்டோம். பிள்ளைப்பேற்றுக்கு இரவு ஒரு மணிக்குக் காட்டு வழியால் போயிருக்கிறேன், முன்னால் அந்தப் பெண்ணின் கணவர் லாம்புடன் ஒரு சைக்கிள், பின்னால் நான். அந்த இரவு பிறந்த பிள்ளை இன்றைக்கு என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்திக் கதைப்பாள்.

பரந்தன் பொடியன்

அக்கா, வாசிக்க மயிர் கூச்செறிகிறது.

ரீச்சர், பாதை பற்றி ஒன்று. ஏ9 வீதியில் தேவைக்கு மேல் ஒரு மீற்றரும் ஓடாதீர்கள். வீதி கார்பெட்தான், ஆனால் தூரப் பயண பஸ்கள் விடியற்காலையில் ஓரத்தில் சைக்கிள் வருகிறது என்று வேகம் குறைக்க மாட்டார்கள். ஒரு தரம் ஒரு பஸ் உரசிக்கொண்டு போன காற்றிலேயே நான் கானுக்குள் விழுந்தேன். உள் வீதிகளாலும் வாய்க்கால் வீதிகளாலும் வெட்டிப் போனால் கொஞ்சம் தூரம் கூடும், ஆனால் மருத மரமும் தண்ணீர்ச் சத்தமும் கூடவே வரும்.

வெள்ளம் என்றால் இரணைமடுச் சந்தியால் போய்க் குளக்கட்டு மேலால் இறங்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் போயிருக்கிறேன், காலை ஆறரைக்கு அந்தக் கட்டில் நின்று தண்ணீரைப் பார்ப்பது பெரிய சந்தோசம். ஆனால் மழைக்காலத்தில் அதை நம்பிப் போய்த் திரும்பி வந்தும் இருக்கிறேன், மறித்துவிட்டார்கள். பரந்தன் வந்து முரசுமோட்டையால் சுற்றிப் போவது என்பதும் வீண், வெள்ளத்துக்கு முதலில் போகிற இடங்களில் அதுவும் ஒன்று.

விடுமுறைக்கு என்றால் ஒரு ஞாயிறு முறிகண்டிக்குப் போங்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பலாம். தை மாசியில் பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் நல்லது, இரண்டு பக்கமும் வயலும் நீரும் பறவையும், காலோடு மனமும் இலேசாகும். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்தால் யாழ்ப்பாணத்துக்கே போகலாம், ஆனால் பாலத்தில் காற்று, தனியே போகாதீர்கள். ஆனையிறவு தாண்டி முகமாலைப் பக்கம் போனால் வீதியை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம், சிவப்புப் பலகை இருக்கிற இடமெல்லாம் மிதிவெடி. வைகாசி ஆனியில் மாங்குளம் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போக ஆசை வந்தால் வெயில் ஏறின பிறகு போய் நாலு மணிக்கு முன் திரும்புங்கள், யானை நிற்கிற இடம்.

புதிதாக வந்த ரீச்சர்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சைக்கிளை ரயிலில் ஏற்றிக் கொண்டு வந்தேன். கிறீஸ், பிறேக் கட்டை, பின் ரயர், பின் பல்லுச் சில்லு எல்லாம் மாற்றியாயிற்று, வலையும் பூட்டியாயிற்று, ஆனாலும் சுரிதாரில்தான் போகிறேன். இரண்டாம் நாளே முள் ஏறியது. வாய்க்கால் கட்டில் இருந்து ரயருக்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன், சொன்ன மாதிரியே நுனி உள்ளே நின்றது. அந்த வழியால் வந்த என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் நின்று காற்றடித்துத் தந்தார்கள். இப்போது காலையில் அவர்கள் எனக்காகப் பாலத்தடியில் காத்து நிற்கிறார்கள், நாலு பேரும் மூன்று சைக்கிளில்தான் போகிறோம். இரண்டு பேர் டபிளில் வருகிறார்கள், ஒருவருக்குச் சைக்கிள் இல்லை.

மற்றக் கரையில் வீடு கிடைத்துவிட்டது. விஞ்ஞான ரீச்சர் வீடு, ஒரு பாயும் தலையணையும் என் பெயருக்கு எடுத்து வைத்திருக்கிறார். போன செவ்வாய் மழை விடாமல் பெய்ததால் அங்கேதான் நின்றேன். ஆறு ஏறவில்லை, ஆனாலும் நின்றது நல்லது, இரவு முழுக்கக் கூரையில் சத்தம்.

ஒரு கேள்வி மட்டும். நாளைக்குக் காலை போகலாமா? இங்கே வானம் மூடித்தான் கிடக்கிறது.

பன்னங்கண்டி ஆற்றங்கரை

குளம் இன்று பின்நேரம் 27 அடி 4 அங்குலம் ரீச்சர். மாங்குளத்தில் மழை இல்லை, மச்சானிடம் கேட்டுவிட்டேன். போங்கள். பாலம் தாண்டி இரண்டாவது மதகில் வலப்பக்கம் கொஞ்சம் அரித்திருக்கிறது, தடி நட்டு விட்டிருக்கிறேன், நடுவால் வாருங்கள். டபிளில் வருகிற பிள்ளைக்கு என் மகனுடைய சின்னச் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது, காற்றடித்து வைக்கிறேன்.